மெரினாவில் ஒரு ஃபுல்: காரைக்குடி ஓட்டக்காரியின் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, திருவல்லிக்கேணி

ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு மெரினாவில், உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டம் தொடங்குகிறது. சென்னை, ஜனவரி, மாரத்தான் என்றதும் ஆயிரக்கணக்கானோர் ஓடும் பெரிய ஓட்டம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ஓடுகிற பழக்கமுள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. ஃபுல், அதாவது 42 கிலோமீட்டர்ச் சொச்சம் வரும் முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர், அதில் பாதித் தூரமான ஹாஃப் ஓடுகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மேடை கிடையாது, பரிசுப் பணம் கிடையாது, கொடியசைக்கப் பிரமுகர்கள் வரப்போவதில்லை. இதற்காகக் காரைக்குடியிலிருந்து நாங்கள் மூன்று பேர் பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கியிருக்கிறோம்.

எங்களில் மூத்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன். அழகப்பா பல்கலைக்கழக வளாகச் சாலைகளில் விடியற்காலையில் ஓடுகிற எங்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். வயது ஐம்பத்தெட்டு ஆகிறது, நாலரை மணி நேரத்துக்குள் ஃபுல் முடித்துவிடுவார். அடுத்தது முதுகலை படிக்கும் தங்கச்சி. அவளுக்கு இதுதான் முதல் ஹாஃப். நான் மெதுவாக ஓடுகிறவள். கிலோமீட்டருக்கு எட்டரையிலிருந்து ஒன்பது நிமிடம் ஆகும். இங்கே கட் ஆஃப் ஆறரை மணி நேரம், அதற்குள் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

மாரத்தான் பற்றி நான் படிக்கிற அனுபவங்கள் பெரும்பாலும் வேகமாக ஓடுகிறவர்கள் எழுதியவை. அவர்கள் வெயில் ஏறுவதற்குள் குளித்துச் சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதே சாலையில் அதே நாளில் பின்னால் வருகிறவர்களுக்கு நடப்பது வேறு ஓட்டம். அதை எழுதத்தான் இந்தக் குறிப்புகள்.

இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்ச நாள் முன்பு தெற்கே ஓர் ஊரில் ஹாஃப் ஓடப் போயிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். பதினாறாவது கிலோமீட்டரில் இருக்க வேண்டிய தண்ணீர் மேசையைக் காணோம். அந்த இடத்தில் நசுங்கிய காகிதக் குவளைகள்தான் கிடந்தன. அடுத்த மேசையையும் எடுத்துவிட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு வந்தால் வளைவைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கட் ஆஃபுக்கு இன்னும் இருபது நிமிடம் பாக்கி. எனக்குப் பின்னால் பதினைந்து, இருபது பேராவது வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வெயிலில் முகம் சிவந்து, உதடு வெடித்து வந்தார். கட்டணம் எல்லாரிடமும் ஒன்றுதான் வாங்கினார்கள். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதனால் இந்த ஓட்டத்துக்குப் பதிவு செய்யுமுன் நடத்துகிறவர்களில் ஒருவரை போனில் பிடித்து ஒரே கேள்விதான் கேட்டேன். "கடைசி ஆளுக்குத் தண்ணி எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"கடைசி ஆள் வர்ற வரைக்கும் இருக்கும் மேடம். அவங்ககூடவே ஒரு சைக்கிளும் வரும்" என்றார், யோசிக்காமல். அன்றைக்கே மூன்று பேருக்கும் பணம் கட்டிவிட்டோம்.

தங்கல், பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டில். மார்கழி மாதம் என்பதால் தெருவே சீக்கிரம் விளக்கணைத்துப் படுத்துவிட்டது. எங்களுக்கும் அதுதான் வேண்டும். ஓட்டத்துக்கு முந்தின இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. அதற்கும் முந்தின இரவுத் தூக்கம்தான் உடம்பைக் காப்பாற்றும் என்பது அண்ணன் சொல்லிக்கொடுத்த பாடம். படுக்கப் போகுமுன் சித்தி கேட்டார்: "அவ்வளவு தூரம் ஓடறியே, வழி முழுக்கப் பக்கத்துல யாராவது இருப்பாங்களாடி?" இருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள் சித்தி, பார்க்கலாம் என்றேன்.

சனி மாலை

பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் தாள் வாங்க அடையாறு பக்கம் போக வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறிக் கஸ்தூரிபா நகரில் இறங்கினோம். வெளியூரிலிருந்து ஓட வருகிறவர்களுக்கு இந்த ரயிலைச் சிபாரிசு செய்வேன். முந்தின நாள் ஆட்டோவிலும் நெரிசலிலும் காலை மடக்கி உட்கார்ந்து தொடையை இறுக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிப் கொடுத்தது ஒரு சின்ன மண்டபத்தில். பதினைந்து நிமிட வேலை. எண் அச்சிட்ட தாளின் பின்னால் சிப் ஒட்டியிருக்கிறது. தொடக்கக் கோட்டிலும் திரும்பும் இடத்திலும் விரித்திருக்கும் பாயை மிதிக்கும்போது அது நேரத்தைப் பதிந்துகொள்ளும். பிப்பை மடிக்கக் கூடாது, வயிற்றுப் பக்கம்தான் குத்த வேண்டும், முதுகில் குத்தினால் சில சமயம் பதியாது. தங்கச்சி அதைக் கையில் வாங்கியதிலிருந்து நாலைந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். பெயரைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டிருந்தார்கள். அது எவ்வளவு நல்ல காரியம் என்பதை நாளை எழுதுகிறேன்.

அங்கிருந்து எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்தோம். நாளைக்குத் திரும்ப வேண்டிய இடம் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம். 1930-ல் இந்தக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்ற இறங்கி உயிரை விட்ட டென்மார்க் மாலுமி அவர். மணலில் தனியாக நிற்கிற வெள்ளை வளைவு. இருட்டில் வந்தாலும் தெரியும் என்று அண்ணன் அடையாளம் வைத்துக்கொண்டார்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். உழைப்பாளர் சிலையில் தொடங்கிக் காமராஜர் சாலையில் தெற்கே போய், கலங்கரை விளக்கம் தாண்டி லூப் சாலை, நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், திரு.வி.க. பாலம், அடையாறு, பெசன்ட் நகர். அங்கே திரும்பி அதே வழியில் வர வேண்டும். போக வர ஒரு ஹாஃப். ஃபுல் ஓடுகிறவர்களுக்கு இது இரண்டு சுற்று. ஏற்றம் என்று சொல்ல அடையாற்றுப் பாலம் மட்டும்தான், மற்றபடி தரை சமம். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கிற இடங்களில் சாலை குறுகுகிறது, அங்கே கவனம் வேண்டும்.

சென்னையில் ஓடுகிறவர்களைத் தூரம் பயமுறுத்துவதில்லை, ஈரப்பதம்தான் பயமுறுத்துகிறது. ஜனவரியில் விடியற்காலை வெப்பம் இருபத்திரண்டு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கடற்காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. உப்பும் தண்ணீரும் போகின்றன, சூடு மட்டும் உள்ளேயே நிற்கிறது. உடம்பு சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, காலுக்குப் போகிற பங்கு குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் ஓடுகிற வேகத்தை இங்கே கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது குறைத்துக்கொள் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டு போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். தலைசுற்றல், வாந்தி, குழப்பம் என்று அது உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருக்கிற மெதுவான ஓட்டக்காரர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நான் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து இரண்டு சின்னப் புட்டிகளில் இடுப்புப் பட்டையில் வைத்துக்கொள்கிறேன். தாகத்துக்குக் குடிப்பேன், பயத்துக்குக் குடிக்கமாட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு: சாதம், உருளைக்கிழங்கு, ரசம், மோர். கீரையும் கொண்டைக்கடலையும் நாளை மறுநாள் சாப்பிடலாம் என்று சித்தியிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் ஓட்டத்துக்கு முந்தின இரவு வேண்டாம். வழியில் கழிப்பறை தேடுகிற கஷ்டம் பெண்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு இரவு

சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடித்தாயிற்று. 6 மணி 4 நிமிடம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் எழுத வேண்டியது அதைப் பற்றி அல்ல.

இரண்டரைக்கு எழுந்து இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் காபி. உராயும் இடமெல்லாம் வாசலின். மூன்றரைக்குத் தெருவில் இறங்கினால் மார்கழிப் பனியில் ஒரு வீட்டு வாசலில் கோலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். வாலாஜா சாலை வழியாக நடந்தே கடற்கரைக்குப் போனோம். உழைப்பாளர் சிலையின் கீழே ஆட்கள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராய் சௌத்ரி செய்து 1959-ல் நிறுவிய சிலை. பாறையை நெம்பித் தள்ளுகிற நான்கு பேரின் கெண்டைக்காலையும் முதுகுத் தசையையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஓடப்போகிறவர்கள் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை.

நான்கு மணிக்கு ஒருவர் விசில் ஊதினார், ஓடினோம். நான் ஆறு மணி நேர பஸ்ஸில் சேர்ந்துகொண்டேன். கொடி பிடித்துச் சீரான வேகத்தில் ஓடுகிற பேசரையும் அவர் பின்னால் போகிற கூட்டத்தையும் பஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் பேசர் வேளச்சேரிக்காரப் பெண். பத்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, முதலிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். நன்றாக இருக்கும்போதே நடக்கச் சொன்னால் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நடைதான் முப்பதாவது கிலோமீட்டரில் கைகொடுக்கும்.

போய்த் திரும்பும் பாதையில், அதுவும் சிறிய ஓட்டத்தில், ஒரு பெரிய லாபம் இருக்கிறது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துவிடலாம். பெரிய ஓட்டங்களில் முன்னால் ஓடுகிறவர்களை நாங்கள் பார்ப்பதே இல்லை. இங்கே முதலில் ஓடுகிற பையன் திரும்பி வரும்போது எங்கள் பஸ்ஸே கை தட்டியது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் அண்ணன். என்னைக் கண்டதும் வாயைத் திறக்காமல் தோளைத் தளர்த்து என்று சைகை காட்டினார். வெறுங்காலில் ஓடிய பெரியவர் ஒருவர், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவராம், எதிரே வந்தவர்களுக்கெல்லாம் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பட்டினப்பாக்கத்தில் பார்வையற்ற ஓட்டக்காரர் ஒருவரும் அவருடைய வழிகாட்டியும் எங்களோடு சேர்ந்து கொஞ்ச தூரம் வந்தார்கள். இருவர் கையிலும் ஒரு முழ நீளக் கயிற்றின் இரு முனைகள். வழிகாட்டி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்: "முன்னாடி தடுப்பு, வலது பக்கம் வா. இப்போ சின்ன இறக்கம். இங்கே ரோடு கொஞ்சம் பேந்திருக்கு, காலைத் தூக்கிப் போடு." பாலத்தில் ஏறும்போது வழிகாட்டி ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். உடனே இவர், "என்ன, மூச்சு வாங்குதா? மெதுவா போலாம்" என்றார். எவர் எவருக்கு வழிகாட்டுகிறார் என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. இரண்டு பேருக்கும் கால் ஒரே நேரத்தில் விழுகிறது. மாதக்கணக்கில் சேர்ந்து ஓடினால்தான் அது வரும்.

மேசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பிப்பில் பெயர் தமிழில் பெரிதாக இருந்ததால் இருட்டிலும் படித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை "அக்கா, உப்பு போட்ட ஆரஞ்சு இருக்கு, எடுத்துக்கோங்க" என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது, பதிமூன்றாவது கிலோமீட்டரில் அது எவ்வளவு தெம்பு என்று ஓடியவர்களுக்குத் தெரியும்.

முதல் சுற்று முடிந்து சிலைக்குத் திரும்பியபோது ஏழு மணிக்கு ஐந்து நிமிடம். சூரியன் வந்து அரை மணி ஆகியிருந்தது. ஹாஃப் முடித்தவர்கள் மெடலோடு மணலில் உட்கார்ந்து பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெய்யும் மிளகும் மணக்கிற இடத்தைத் தாண்டி இன்னொரு சுற்றுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் பஸ்ஸில் இரண்டு பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒருவருக்கு முழங்கால் வலி, நின்றதுதான் சரி.

ஹாஃப் ஓடுகிறவர்களை எங்களுக்குப் பிறகுதான் ஓடவிட்டார்கள். நொச்சிக்குப்பம் பக்கம் தங்கச்சி எதிரே வந்தாள். முகமெல்லாம் உப்பு. "அக்கா, இன்னும் எவ்வளவு இருக்கு?" "மூணு கூட இல்லடி, போ போ." அவள் 2 மணி 38 நிமிடத்தில் முடித்திருக்கிறாள். கடைசி இருநூறு மீட்டரை அழுதுகொண்டே ஓடினாளாம். அதை அவளே எழுத வேண்டும், நான் எழுதினால் சரியாக வராது.

இரண்டாவது சுற்றில்தான் எங்கள் ஓட்டம் ஆரம்பித்தது. ஏழரைக்கு மேல் அடையாறு பக்கம் போக்குவரத்தைத் திறந்துவிட்டார்கள். சாலையின் இடது ஓரத்தில் கூம்பு வைத்து எங்களுக்கு ஓர் ஆள் அகலம் விட்டிருந்தார்கள். சிக்னலில் ஒரு பெண் காவலர் நின்றார். நான் தனியாக வருகிறேன், முன்னாலும் பின்னாலும் நூறு மீட்டருக்கு ஆள் இல்லை. அந்த ஓர் ஆளுக்காக அவர் கையைத் தூக்கி ஒரு மாநகரப் பேருந்தையும் அதன் பின்னால் நின்ற அத்தனை வண்டிகளையும் நிறுத்தினார். "ஓடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நான்கு மணியிலிருந்து அதே இடத்தில் நின்றிருப்பார். அவருக்கு மெடல் இல்லை.

எலியட்ஸில் இரண்டாம் தடவை திரும்பியபோது எட்டரை. அதற்கு மேல் கால் கனத்தது. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்குத்தான் வரும். அதற்குப் பிறகு கொழுப்பை எரித்து ஓட வேண்டும், அது மெதுவாகத்தான் எரியும். வழியெல்லாம் கடலை மிட்டாயும் பேரீச்சையும் தின்றுகொண்டு வந்தாலும் அந்த இறக்கம் வரத்தான் செய்கிறது. ஆறு மணி நேர பஸ் மெதுவாக முன்னால் போயிற்று. பேசர் திரும்பிப் பார்த்து, "கண்ணுல பட்ற தூரத்துலயே வாங்க" என்று சொல்லிப் போனார். கொஞ்ச நேரத்தில் கொடி கண்ணில் படவில்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பையன் நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கெண்டைக்காலும் சுருட்டிப் பிடித்துவிட்டது. தொட்டால் கல். எங்கே நின்றேனோ அங்கேயே அவன் கால்விரல்களை அவன் பக்கமாக மடக்கிப் பிடித்தேன். என் ஓ.ஆர்.எஸ். புட்டியில் பாதியைக் கொடுத்தேன். அதற்குள் மேசையிலிருந்து ஒரு பிள்ளை ஐஸும் ஸ்ப்ரேயும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர்கள் மேசை அங்கிருந்து முந்நூறு மீட்டராவது இருக்கும். கூப்பிடாமலே வந்தாள். அவனை நடக்கவிட்டுத்தான் நகர்ந்தேன். நாலு நிமிடம் போனது. போகட்டும்.

அந்த மேசையில் பார்த்ததுதான் இன்றைக்கு எனக்கு முக்கியம். முப்பத்தைந்தாவது கிலோமீட்டர், ஒன்பது மணிக்கு மேல் ஆகிறது. அதிகாலையில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. தர்பூசணி, மோர், ஐஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துண்டுகள், உப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கு. முன்னால் போகிறவர்கள் இருட்டிலும் குளிர்ச்சியிலும் ஓடுகிறார்கள், ஒரு மடக்கு குடித்துவிட்டுக் குவளையை எறிந்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு வெயில், நேரம் இரண்டும் கூடுதல். தேவையும் கூடுதல். யாருக்கு எப்போது அதிகம் தேவையோ அப்போது அதிகம் இருந்தது. ஓட்டம் நடத்துகிறவர்களை நான் இனி இதை வைத்துத்தான் அளப்பேன். முதல் ஆள் எத்தனை மணிக்கு வந்தார் என்பது ஓடுகிறவரின் திறமை. கடைசி ஆளுக்கு என்ன கிடைத்தது என்பது நடத்துகிறவரின் திறமை.

லூப் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் சூடு பிடித்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நடந்துதான் போக முடிந்தது. தலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் அம்மா என்னை நிறுத்தி, வஞ்சிரம் வைத்திருந்த பெட்டிக்குள் கைவிட்டு ஐஸை அள்ளினார். "இந்தா, துண்டுல கட்டித் தலைல வச்சிக்கோ. மீன் ஐஸு, வாய்ல போட்டுறாத." தொப்பிக்குள் அந்த ஐஸை வைத்துக்கொண்டு ஓடினேன். கலங்கரை விளக்கம் வரைக்கும் அது கரைந்து கழுத்தில் வழிந்தது. உடம்பெல்லாம் மீன் வாசனை. எந்த மேசையிலும் கிடைக்காத உபசாரம் அது. காசு கொடுக்கக்கூட என்னிடம் இல்லை. நாளை காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

கலங்கரை விளக்கத்தில் அண்ணன் நின்றார். 4 மணி 26 நிமிடத்தில் முடித்துவிட்டு, சாப்பிட்டு, மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்து வந்திருக்கிறார். காமராஜர் சாலையில் நிழலே இல்லை. அவர் பேசிக்கொண்டே வந்தார், நான் கேட்டுக்கொண்டே ஓடினேன். 42 என்ற பலகைக்கு அப்புறமும் 195 மீட்டர் இருக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் இது, 1921-ல் உலகத்துக்கே இதுதான் அளவு என்றாயிற்று. அண்ணன் கோட்டுக்கு முன்னால் ஒதுங்கிக்கொண்டு, "இது உன்னுது, தனியா போ" என்றார்.

மெடலை வாங்கிக்கொண்டு நான் போகவில்லை. கட் ஆஃப் பத்தரைக்கு. பத்தரை ஆயிற்று, வளைவு நின்றது, பாய் விரித்தே இருந்தது. பத்தே முக்காலுக்கு ஒருவர் வந்தார். அதற்குப் பின், 10.52-க்குக் கடைசி ஆள். தாம்பரத்திலிருந்து வந்த செவிலியர். பக்கத்தில் சைக்கிள். முப்பதாவது கிலோமீட்டரிலிருந்து அந்தத் தம்பி அவர் கூடவே உருட்டிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் வந்திருக்கிறான். பையில் தண்ணீர், உப்பு, வாழைப்பழம், ஒரு குடை. வேகத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார் அந்த அக்கா. "ஏறிக்கிறீங்களா, வண்டி கூப்பிடவான்னு ரெண்டு தடவை கேட்டான். வேணாம்னேன். அப்போ சரி, போலாம்னுட்டான்." மேசைப் பிள்ளைகள், பேசர்கள், பார்வையற்ற ஓட்டக்காரர், அவருடைய வழிகாட்டி எல்லாரும் இரண்டு பக்கமும் நின்று கை தட்டினோம். சூடான பொங்கல் அவருக்கும் இருந்தது.

திங்கள் மதியம்

படி இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். இடது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. விழுந்து முளைக்கும். தங்கச்சி மெடலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

காலையில் லூப் சாலைக்குப் போனோம். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஐஸுக்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். சித்தி வீட்டுக்கு ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கினோம்.

முடிவுப் பட்டியல் வந்துவிட்டது. கட் ஆஃப் தாண்டி வந்தவர்களின் பெயரும் நேரமும் அதில் உண்டு. நடத்தியவருக்கு நன்றி சொல்லப் போன் செய்தபோது தண்ணீர்க் கணக்கைக் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: முதல் சுற்றுக்கு ஒரு பங்கு என்றால் இரண்டாவது சுற்றுக்கு இரண்டு பங்கு. இரண்டாவது பங்கை ஏழு மணிக்கு முன் யாரும் பிரிக்கக் கூடாது, தனியாகப் பூட்டிய பெட்டி. மேசையில் அதிகாலை ஒரு குழு, வெயிலுக்கு வேறு குழு, ஒரே பிள்ளைகளை ஏழு மணி நேரம் நிறுத்துவதில்லை. பெரிய செலவு எதுவுமில்லை.

மழை முடிந்ததும் காரைக்குடியில் நாங்களே ஒரு ஹாஃப் நடத்துவது என்று சித்தி வீட்டுத் திண்ணையில் முடிவாகிவிட்டது. ஐம்பது பேருக்கு மேல் பதிவு வாங்கப்போவதில்லை. கட் ஆஃப் மூன்றரை மணி நேரம். பிப்பில் பெயர் தமிழில், பெரிய எழுத்தில். மேசை ஐந்து, ஐந்துக்கும் இரண்டு குழு. கடைசி ஆள் கூட வருகிற சைக்கிளுக்கு அண்ணன் பெயர் கொடுத்துவிட்டார், அன்று அவர் ஓடமாட்டாராம். வெயில் நேரத்து மேசைகளில் நிற்கப் பத்துப் பேர் வேண்டும், ஐஸ் பெட்டியோடு யாராவது வந்தால் இன்னும் நல்லது. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.